ஸ்மார்ட்போன் வாங்கும்போது கழற்றக்கூடிய பெட்டரி முக்கியமா?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிற அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டும். கரண்ட் அடிக்கடி போகிற இடம். பின்மூடியைத் திறந்து பெட்டரியை மாற்றக்கூடிய போன்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். கடைகளில் கேட்டால் இப்போது அப்படி வருவதில்லை என்கிறார்கள். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்:

அதற்காக மட்டும் ஒரு போனைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் அப்பா சொல்வதைத் தட்டிவிடவும் வேண்டாம். பெட்டரி செத்தால் போனும் சாகக்கூடாது, கரண்ட் போனால் அம்மா தனித்துப் போகக்கூடாது என்பதுதான் அவர் கவலை. அந்தக் கவலை நியாயமானது. நான் ஹட்டனில் போன் ரிப்பேர் வேலை செய்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா மனதில் இருப்பது அநேகமாகப் பழைய நொக்கியா. பிஎல்-5சி என்ற பெட்டரியைப் பலருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஒரே பெட்டரி நொக்கியாவின் எத்தனையோ மொடல்களுக்குப் பொருந்தியது. அதனால் எந்தச் சின்ன டவுனுக்குப் போனாலும் கிடைத்தது. மூடியைத் திறக்க முடிந்தது வசதிதான், ஆனால் அந்தப் போன்களை வருஷக்கணக்கில் ஓட வைத்தது இப்படி எங்கும் கிடைத்த பெட்டரி. ஸ்மார்ட்போன் வந்த பிறகு ஒவ்வொரு மொடலுக்கும் ஒரு பெட்டரி என்றாகிவிட்டது. 2014இல் வந்த சம்சங் கெலக்ஸி எஸ்5இன் மூடியை நகத்தாலேயே திறக்கலாம், அதோடு தண்ணீரையும் ஓரளவு தாங்கும். அடுத்த வருஷம் வந்த எஸ்6இல் ஒட்டிவிட்டார்கள். இன்றைக்கு எஸ்5 வைத்திருப்பவருக்கு மூடி திறந்து என்ன பயன்? கடையில் கிடைப்பது ஒன்றில் வருஷக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்த பெட்டரி, இல்லாவிட்டால் கொப்பி. லிதியம் பெட்டரி பாவிக்காமல் வைத்தாலும் உள்ளுக்குள் வயசாகிக்கொண்டேதான் போகும். முழுச் சார்ஜோடு சூட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். ஆகவே இப்போதே இரண்டு பெட்டரி வாங்கி அலுமாரியில் பத்திரப்படுத்துவதும் சரிவராது.

இன்று கழற்றக்கூடிய பெட்டரியோடு நல்ல போன்கள் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்கின்றன. சம்சங்கின் எக்ஸ்கவர் வரிசை அப்படிப்பட்டது, ஐரோப்பாவில் விற்கிற ஃபேர்போன் இன்னொன்று. இரண்டும் நம் பக்கத்து டவுன் கடைகளில் தொங்குகிற சாமான்கள் அல்ல. இங்கே கழற்றக்கூடிய பெட்டரி என்று கையில் கிடைப்பவை பெரும்பாலும் மிக மலிவான, மெமரி குறைந்த போன்கள். அவற்றில் பெட்டரி போகிறதற்கு முன்னாலேயே வட்ஸ்அப் திணற ஆரம்பித்துவிடும். அம்மா பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேச ஆசைப்படுவார் என்றால் அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, ஒட்டிய போனில் பெட்டரி மாற்ற முடியாது என்ற பேச்சு. முடியும், நாங்கள் செய்கிறோம். பின்பக்கத்தைச் சூடாக்கி, ஓரத்துப் பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைச் செருகி நான்கு பக்கமும் மெதுவாக ஓட்டுவோம். அவசரப்பட்டால் உள்ளே இருக்கிற மெல்லிய வயர் பட்டி அறுந்துவிடும். பிறகு போர்டிலிருந்து பெட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்டரியின் அடியில் இழுத்தெடுக்கிற நாடா வைத்திருந்தால் வேலை சுலபம். வெறும் பசையாக இருந்தால் ஓரத்தில் சில துளி ஆல்கஹால் விட்டு, பசை விடும்வரை காத்திருக்க வேண்டும். இரும்பு ஆயுதத்தால் பெட்டரியை நெம்புகிறவரிடம் போனைக் கொடுக்காதீர்கள். உள்ளே இரண்டு பக்கத்தையும் பிரித்து வைத்திருக்கிற மெல்லிய தடுப்பு கிழிந்தால் அந்த இடத்திலேயே புகைந்து தீப்பிடிக்கும். மூடும்போது புதுப் பசை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். அப்படி ஒட்டினாலும் பழைய அளவுக்குத் தண்ணீர் தாங்கும் என்று நம்பக்கூடாது. வருஷத்தில் பாதி நாள் மழையும் பனியுமாக இருக்கிற நம் பக்கத்துக்கு இது முக்கியம்.

ஆகவே போன் வாங்கும் கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மொடலுக்கு ஒரிஜினல் பெட்டரி வருகிறதா, யார் மாற்றுவார்கள், என்ன செலவாகும், மாற்றினதற்கு எத்தனை மாதம் பொறுப்பு? பதுளையிலோ பண்டாரவளையிலோ ரிப்பேர் செய்கிறவரிடம் மொடல் பேரைச் சொல்லி விசாரித்துவிட்டு வாங்குங்கள். நிறைய விற்பனையாகிற மொடலுக்குத்தான் பெட்டரி தொடர்ந்து வரும். யாரும் கேள்விப்படாத பெயரில் வருகிற போனுக்கு இரண்டு வருஷம் கழித்துப் பெட்டரி தேடி வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எனக்கு மனக்கஷ்டமான விஷயம். பாதிப் பேர் நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவர்கள்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கங்களில் மண்சரிவோடு கரண்டும் போனது, பல இடங்களில் சிக்னலும் போனது. இப்படிப்பட்ட நாட்களில் ஒரு மேலதிகப் பெட்டரி அந்த ஒரு போனுக்கு மட்டும்தான் உதவும். பவர் பேங்க் ஒன்று இருந்தால் அம்மாவின் போன், பக்கத்துக் காம்பராக்காரரின் போன், ஒரு சின்ன எல்ஈடி லைட் எல்லாவற்றுக்கும் ஆகும். பவர் பேங்கில் அதன் கொள்ளளவு 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் போனுக்குள் போய்ச் சேருவது சுமார் 6,000தான். அதன் உள்ளே இருக்கிற பெட்டரியின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கும்போது அந்த எண் குறையும், சூடாகவும் கொஞ்சம் வீணாகும். 5,000 எம்ஏஎச் போனை ஒரு தடவை நிரப்பி, மேலே கொஞ்சம் மிஞ்சும். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தவுடனே அதை நிரப்பி வைக்கப் பழக்கிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் அம்மாவின் போனில் பதிந்து கொடுங்கள்.

நம் மலைகளில் பெட்டரியைத் தின்கிற இன்னொன்று சிக்னல். பள்ளத்தில் இருக்கிற லயங்களில் ஒரு கோடு சிக்னல்தான் வரும். டவரைப் பிடிப்பதற்காகப் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே இருக்கும், சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கும். பெட்டரி பழுது என்று எங்களிடம் கொண்டு வருகிற சில போன்கள் டவுனில் வைத்துப் பார்த்தால் நாள் முழுக்க நிற்கின்றன. குளிரும் அப்படித்தான். ஜனவரியில் விடியற்காலைக் குளிரில் பழைய பெட்டரி 20 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடும். குளிரில் உள்ளே தடை கூடி வோல்ட் சரிவதால் அப்படி நடக்கிறது. சட்டைக்குள் வைத்துக் கொஞ்சம் சூடேறியதும் மறுபடி உயிர் வரும்.

ஒரு இடத்தில் அப்பா சொல்வது முழுக்கச் சரி. கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் மலைக்கு ஏறுகிறார்கள். எப்படிச் சுற்றினாலும் ஒருநாள் தண்ணீர் போகும். கழற்றக்கூடிய பெட்டரி என்றால் அந்த நிமிஷமே பிடுங்கிவிடலாம், போர்டு பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒட்டிய போனில் கரண்ட் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், நாங்கள் திறக்கும்போது இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும். அம்மா மலைக்கு எடுத்துப் போகிறவர் என்றால் வேலைக்கு ஒரு சாதாரண பட்டன் போன், வீட்டுக்கு ஸ்மார்ட்போன் என்று இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். அந்தப் பட்டன் போனில் கழற்றக்கூடிய பெட்டரி தாராளமாகக் கிடைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், சாதனங்களின் பெட்டரியைப் பாவிக்கிறவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற சட்டம் 2027 பெப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. ஸ்மார்ட்போனுக்கு ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்கள்: 1,000 தடவை முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகும் புதிதில் பிடித்த சார்ஜில் 80 சதவீதமாவது பிடிக்கிற பெட்டரியாக, தண்ணீரும் தூசியும் போகாத போனாக இருந்தால் ஒட்டியே விற்கலாம். அதை நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை.

பெட்டரி கூடுதல் நாள் நிற்க, வாங்கும் போனில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துகிற செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாதாரண நாட்களில் அதைப் போட்டு வையுங்கள், மழை இறுகினால் 100க்கு மாற்றிவிடுங்கள். பின்மூடி ஒரு பக்கம் தூக்கினாலோ, திரை ஓரம் பிதுங்கினாலோ பெட்டரி ஊதிவிட்டது என்று அர்த்தம். அதை அமுக்கவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக்கூடாது. அணைத்துவிட்டு அன்றைக்கே கடைக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பெட்டரியையும் கடையிலேயே விட்டுவிட்டு வரட்டும், அடுப்பிலோ குப்பை எரிக்கிற இடத்திலோ போட்டுவிட வேண்டாம்.