150 ரூபாய்க்கு மல்லிகை எண்ணெயா? வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆன்லைனில் 10 மில்லி மல்லிகை எசென்ஷியல் ஆயில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். 'நூறு சதவீதம் சுத்தமானது, நீராவியில் வடித்தது' என்று லேபிளில் போட்டிருக்கிறது. வாசனை தூக்கலாக இருக்கிறது, ஆனால் மோந்தால் தலை வலிக்கிறது. அசல்தானா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அசல் இல்லை. பாட்டிலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், ஏனென்றால் கணக்கு உதைக்கிறது. அசல் மல்லிகை எண்ணெய்க்கு வியாபாரத்தில் அப்சல்யூட் என்று பெயர்; அதில் ஒரு கிலோ எடுக்க ஏறக்குறைய 700 கிலோ பூ வேண்டும். அப்படியானால் உங்கள் 10 மில்லிக்கு ஏழு கிலோ. ஜாதிமல்லி என்றால் கிலோவுக்குப் பத்தாயிரம் பூ வரை நிற்கும், ஆக எழுபதாயிரம் பூவை யாரோ விடிகாலையில் ஒவ்வொன்றாகக் கையால் பறித்திருக்க வேண்டும். கிலோ 300 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் பூவுக்கு மட்டும் 2,100 ரூபாய் ஆகிறது. முகூர்த்த நாளில் பூ விலை எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது அந்த 'நீராவியில் வடித்தது'. ரோஜாவை வடிக்கலாம், லாவண்டரை வடிக்கலாம். மல்லிகையை நீராவியில் வைத்தால் சூட்டில் மணம் கெடும், கிடைக்கிற எண்ணெயும் மிகவும் கொஞ்சம். அதனால் ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவிட்டு, பிறகு கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிடுவார்கள். அடியில் மெழுகு மாதிரி நிற்பதுதான் கான்கிரீட். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால் அப்சல்யூட். சத்தியமங்கலம், கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் இந்த வேலை நடக்கிறது, வெளிநாட்டு பெர்ஃப்யூம் கம்பெனிகளுக்கும் இங்கிருந்து போகிறது.

உங்களிடம் இருப்பது பென்சைல் அசிடேட் போன்ற செயற்கை வாசனைப் பொருள்களின் கலவையாக இருக்கலாம். அசல் எண்ணெய் கொஞ்சம் கெட்டியாக, ஆரஞ்சோ பழுப்போ கலந்த நிறத்தில் இருக்கும். ஒரு காகிதத் துண்டில் தொட்டு வைத்துவிட்டு மணிக்கணக்கில் விட்டு விட்டு மோந்து பாருங்கள், மணம் மாறிக்கொண்டே வரும். இனிப்புக்கு அடியில் லேசாக ஒரு கனத்த வாடையும் இருக்கும். அது இண்டோல். மலத்திலும் இருக்கிற அதே பொருள்தான், ஆனால் அது இல்லாத மல்லிகை வெறும் சோப்பு வாசனை. தலை வலிக்கிறது என்றால் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். செயற்கை வாசனை விற்பதில் தப்பே இல்லை, அதைச் 'சுத்தமானது' என்று எழுதி விற்பதுதான் அநியாயம். விடிகாலைப் பனியில் பூ பறிக்கிறவர்களின் கூலியையும் அது மலிவாக்கிவிடுகிறது.

கேள்வி: எண்ணெய்க்கு மதுரை மல்லியா, பிச்சியா?
– வாசகர், நிலக்கோட்டை

பதில்: இரண்டுமே. உங்கள் ஊரில் பிச்சி என்பதுதான் வேறு இடங்களில் ஜாதிமல்லி, பெர்ஃப்யூம் உலகம் வெகுகாலமாகத் தேடி வாங்குவது அதைத்தான். மதுரை மல்லி என்பது குண்டுமல்லி; அதன் எண்ணெயின் மணம் வேறு ரகம், கொஞ்சம் பச்சை வாசம் அடிக்கும். ஒன்று மட்டும் கவனம்: தொடுப்பதற்கு மொட்டு வேண்டும், எண்ணெய்க்கு விரிந்த பூ வேண்டும். மல்லிகை விரியும்போதுதான் மணத்தை உண்டாக்குகிறது.

கேள்வி: வீட்டில் பூ மிஞ்சுகிறது. தேங்காய் எண்ணெயில் காய்ச்சினால் மல்லிகை எண்ணெய் வருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: காய்ச்சாதீர்கள், வாசமெல்லாம் அடுப்போடு போய்விடும். பறித்த பிறகும் மல்லிகை பல மணி நேரம் மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுப்பு இருந்தால் போதும். பிரான்சில் கிராஸ் என்ற ஊரில் அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூவைப் பரப்பி, தினமும் பூவை மாற்றுவார்கள். உத்தரப் பிரதேசத்தில் எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் போட்டு, எள் வாசனை ஏறினதும் செக்கில் ஆட்டுவார்கள். உங்களுக்கு இந்த எள் வழிதான் சுலபம். ஈரமில்லாத பூவாகப் போடுங்கள், வாடியதை உடனே எடுத்துவிட்டுப் புதுப்பூ போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கிடைப்பது அப்சல்யூட் ஆகாது. ஆனால் தலைக்குத் தேய்க்க அருமையாக இருக்கும்.

கேள்வி: குழந்தைக்குப் பாலை நிறுத்துகிறேன், பால் கட்டி வலிக்கிறது. மல்லிகைப்பூ கட்டச் சொல்கிறார் மாமியார். பூவுக்குப் பதில் எண்ணெய் தடவலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: எண்ணெய் வேண்டவே வேண்டாம். உங்கள் மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மார்பில் குண்டுமல்லிப் பூ கட்டியதையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரண்டிலும் குறைந்தது. மாத்திரையில் இன்னும் அதிகமாகக் குறைந்தாலும், பால் நிற்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. ஆனால் அது பூ. அப்சல்யூட் அப்படியே தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். மற்றவர்கள் பூசுவதானாலும் வேறு எண்ணெயில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்துதான் பூச வேண்டும். குழந்தை இன்னும் எப்போதாவது வாய் வைக்கிற மார்பில் அதைத் தடவுவது சரியே இல்லை. பூச்சி மருந்து அடிக்காத பூவாகப் பார்த்து வாங்குங்கள். காய்ச்சலோ, மார்பில் ஒரு இடம் சிவந்து சூடாக இருப்பதோ தெரிந்தால் பூவை எடுத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.