விளக்கெரியும் நிலா: வட சென்னையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

ராயபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வானியல் மாடல்கள் செய்யவும் சொல்லிக்கொடுக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்கு நிலா மாடல் செய்ய ஆசைப்படுகிறவர்கள் கேட்டவையும், அதற்கு என் பதில்களும் கீழே.

தண்டையார்பேட்டை, ஆறாம் வகுப்பு ஆசிரியை: மேடம், ஆன்லைனில் ஒரு நிலா விளக்கு வாங்கியிருக்கிறோம். 3டி பிரிண்ட் செய்தது, தொட்டால் எரியும், பார்க்க அவ்வளவு அழகு. வளர்பிறை, தேய்பிறை நடத்த இது போதுமா?

போதாது டீச்சர். கருந்திட்டுகளின் பெயர்களையும் பெரிய பள்ளங்களையும் அடையாளம் காட்ட அது நல்ல பொருள். பிறை நடத்த மட்டும் அதை எடுக்காதீர்கள். உள்ளேயிருந்து முழு உருண்டையும் ஒளிர்வதைப் பார்க்கிற குழந்தை, நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் இருக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ளும். பிறகு வாயால் எத்தனை முறை மறுத்தாலும் கண்ணால் பார்த்ததுதான் நிற்கும்.

நிஜ நிலா ஒரு கருத்த கல். தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. இருட்டான வானத்தில் இருப்பதால் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதனால் உங்கள் வகுப்புக்கு முதலில் வேண்டியது விளக்கு இல்லாத ஒரு நிலா. தெர்மாகோல் உருண்டை வாங்கி, மேலே காகிதக் கூழ் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே பாட்டில் மூடி, பேனா மூடி, பட்டன் இவற்றை அழுத்திப் பள்ளங்கள் போடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பளபளப்பு இல்லாத அடர் சாம்பல் பெயிண்ட் அடியுங்கள். பலரும் வெள்ளை அடிக்கிறார்கள், வேண்டாம்.

அறையை இருட்டாக்கி ஒரு பக்கமிருந்து ஒரே ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் நேராக விழுகிற இடத்தில் பள்ளங்கள் கண்ணுக்கே தெரியாது. பகலும் இருட்டும் சந்திக்கிற எல்லைக்கோட்டில் மட்டும் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழல் போட்டு எழுந்து நிற்கும். தொலைநோக்கியில் நிலா பார்க்க பௌர்ணமியை விட அஷ்டமி நல்லது என்று சொல்வது இதனால்தான். உள்ளே பல்ப் வைத்த எந்த விளக்காலும் இதைக் காட்ட முடியாது.

கொருக்குப்பேட்டை, ஒன்பதாம் வகுப்பு மாணவன்: அக்கா, கண்காட்சிக்கு எல்இடி வைத்துத்தான் செய்யணும் என்று எங்கள் சார் சொல்லிவிட்டார். குமிழைத் திருகினால் பிறை மாறணும். எப்படிச் செய்வது?

செய்யலாம் தம்பி. சொந்த வெளிச்சம் என்கிற குழப்பம் வராத விதமாகவும் செய்யலாம். எந்த நேரத்திலும் உருண்டையில் சரியாகப் பாதிதான் எரிய வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் மீறாதே.

காம்பவுண்டு கேட் மேல் வைக்கிற பால் வெள்ளை பிளாஸ்டிக் குளோப் எலக்ட்ரிக் கடைகளில் கிடைக்கும். 20 செ.மீ. விட்டத்தில் ஒன்று வாங்கு. ஹாக்ஸா பிளேடால் மேலிருந்து கீழாக, முன்பாதி பின்பாதி என்று இரண்டாக அறுத்துக்கொள். ஒட்டும்போது கோடு ஓரத்தில் போய்விடும், முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. அறுக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

நடுவில் ஒரு பிவிசி பைப் துண்டை நிறுத்து. அதைச் சுற்றி எட்டு வரிசையாக டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை (ஒவ்வொரு எல்இடியையும் புரோகிராமில் தனித்தனியாக எரியவைக்கலாம்) ஒட்டு, வரிசைக்கு ஐந்து எல்இடி. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே கருப்புச் சார்ட் அட்டையில் ஒரு சுவர், ஆரஞ்சுச் சுளை பிரிந்திருப்பது போல எட்டு அறைகள். சுவர் குளோப்பின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். விரல் அளவு இடைவெளி விட்டாலும் வெளிச்சம் பக்கத்து அறைக்குக் கசிந்து எல்லைக்கோடு மங்கிவிடும். நிலாவில் காற்று மண்டலம் கிடையாது, அங்கே அந்தி மயக்கமும் கிடையாது. கோடு வெட்டியது போல இருப்பதுதான் சரி.

அடுத்தடுத்த நான்கு அறைகள் எப்போதும் எரியட்டும், மற்ற நான்கு அணைந்திருக்கட்டும். குமிழைத் திருகினால் அந்த நான்கு அறைத் தொகுதி ஒவ்வோர் அறையாக நகரும். முன்னால் நிற்பவருக்கு அமாவாசை, பிறை, அரை நிலா, முக்கால் நிலா, பௌர்ணமி, பிறகு தேய்பிறை என்று எட்டு நிலைகளும் வரிசையாக வரும். வளர்பிறையில் வலது பக்கம் எரிய வேண்டும், இதை மட்டும் சரிபார்.

குமிழுக்கு 10கே பொட்டென்ஷியோமீட்டர் போதும். நடுக்காலை, எல்இடிகளை இயக்கப் புரோகிராம் ஏற்றுகிற சின்ன போர்டான அர்டுயினோ நானோவின் ஏ0-வில் கொடு. 0 முதல் 1023 வரை எண் வரும், 128-ஆல் வகுத்தால் 0 முதல் 7 வரை எட்டு நிலை. பட்டையின் டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடு. முழு வெள்ளையில் ஒரு எல்இடி 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். இருபது எரிந்தால் 1.2 ஆம்பியர். அவ்வளவு வெளிச்சம் தேவையே இல்லை, புரோகிராமில் பிரகாசத்தைக் கால் பங்காகக் குறைத்தால் 300 மில்லிஆம்பியர் பக்கம் வந்துவிடும்.

இப்போது முக்கியமானதைக் கேள். மேசையைச் சுவரோரம் போடாதே. பார்க்க வருபவரிடம் குமிழை அமாவாசையில் வைத்து, "நிலா எங்கே போச்சு?" என்று கேள். அப்புறம் மாடலின் பின்பக்கம் போய் நிற்கச் சொல். அங்கே பாதி உருண்டை பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். அமாவாசை அன்றும் வெயில் நிலாவின் பாதியில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, அது நம் பக்கம் இல்லை, அவ்வளவுதான். இந்த ஒரு நடையில் புரிவது பத்துப் பக்கம் படித்தாலும் புரியாது.

அதே மாணவன்: சாமான் எல்லாம் எங்கே வாங்குவது அக்கா?

ரிச்சி தெருதான். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பட்டையைக் கடையிலேயே ஏற்றிக் காட்டச் சொல்லி வாங்கு.

புது வண்ணாரப்பேட்டை, கல்லூரி மாணவி: அக்கா, எல்இடி பட்டை கண்டபடி மின்னுகிறது. பவர் பேங்க் வேறு அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது.

மின்னுவதற்குப் பெரும்பாலும் காரணம், பட்டையின் கிரவுண்டும் அர்டுயினோவின் கிரவுண்டும் இணையாமல் இருப்பது. இரண்டையும் சேர்த்துவிடுங்கள். பவர் பேங்க் பல சமயம் குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்து, போன் சார்ஜ் ஏறிவிட்டது என்று எண்ணி நின்றுவிடும். பிரகாசத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது சாதாரண 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள்.

காசிமேடு, ஒரு மாணவனின் அப்பா: பையன் செஞ்ச மாடலில் பிறை நின்னுக்கிட்டு இருக்கு. நாங்க கடலில் இருந்து பார்க்கிறப்போ மூன்றாம் பிறை படுத்தாப்ல இருக்கும். புத்தகத்திலும் நின்ன பிறைதான் போட்டிருக்கு. எதும்மா சரி?

நீங்கள் பார்த்ததுதான் சரி அண்ணா. இதைப் பையனிடம் நீங்களே சொல்லுங்கள். நிற்கிற பிறை ஐரோப்பா போல வடக்கே தள்ளி இருக்கிற ஊர்களில் தெரிகிற காட்சி. நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகைதான் தள்ளி இருக்கிறது. சாயங்காலம் சூரியனும் அதன் பின்னாலேயே நிலாவும் மேற்கே ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்கும். சூரியன் கடைசியில் பிறைக்கு நேர் கீழே போய்விடுவதால், வெளிச்சமும் நிலாவின் அடிப்பக்கத்தில் விழுகிறது. மாசி முதல் சித்திரை வரை பிறை நன்றாகப் படுத்திருக்கும், புரட்டாசி வாக்கில் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

மாடலை மாற்ற வேண்டாம், ஸ்டாண்டை மாற்றினால் போதும். அடியில் ஒரு கீல் வைத்து உருண்டையைச் சாய்க்கிற மாதிரி செய்தால், லண்டனில் தெரிகிற பிறை, காசிமேட்டில் தெரிகிற பிறை இரண்டையும் பையன் காட்டலாம். இதை மாடலில் காட்டுகிறவர்கள் அபூர்வம். உங்கள் பையன் காட்டட்டும்.

வியாசர்பாடி, அறிவியல் ஆசிரியர்: பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் என்று பாதி வகுப்பு அடித்துச் சொல்கிறது. பெற்றோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எப்படி மாற்றுவது?

இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன் சார். முதலாவது, அளவு. படங்களில் பூமியும் நிலாவும் ஒட்டிக்கொண்டு இருப்பதால்தான் நிழல் ஞாபகம் வருகிறது. 22 செ.மீ. கால்பந்தைப் பூமியாக வைத்தால் நிலா 6 செ.மீ. பந்து, தூரம் 6.6 மீட்டர். கரும்பலகை முன் ஒருவர், கடைசி பெஞ்சில் ஒருவர் நிற்க வேண்டியிருக்கும். நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதால், அந்தச் சின்னப் பந்து சூரியன்-பூமி நேர்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட 60 செ.மீ. வரை மேலேயோ கீழேயோ போகும். பூமியின் நிழல் அவ்வளவு தூரத்தில் 16 செ.மீ. அகலம்தான். ஆகவே பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலில் படாமல் தப்பிவிடும். பட்டால் அது கிரகணம். வானத்தில் நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களுக்குத்தான் நம் பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று பெயர். இதே அளவில் சூரியன் 24 மீட்டர் விட்டம், இரண்டரை கி.மீ.க்கு மேல் தள்ளி. பள்ளி ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் என்றால் சூரியன் ஏறக்குறைய ஹைகோர்ட்டைத் தாண்டி நிற்கும்.

இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய ஒரு நாள் மாலை நாலு மணிக்கு எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள். மேற்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், கிழக்கே வெளிறிய அரை நிலா நிற்கும். ஆளுக்கொரு களிமண் உருண்டையைக் குச்சியில் குத்தி, வெயில் படும்படி கையை நீட்டி, வானத்து நிலாவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளட்டும். கையில் இருக்கிற உருண்டையிலும் அதே அரை வெளிச்சம், அதே சாய்வு. நாலு நாள் கழித்துச் சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்னால் பிடித்தால், நிலா முக்காலுக்கு மேல் வளர்ந்திருக்கும், உருண்டையும் அப்படியே இருக்கும். வானத்தில் சூரியனும் நிலாவும் ஒரே நேரத்தில் நிற்க, நடுவே பூமி எங்கே வந்து மறைத்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள். எல்இடி மாடல் செய்பவர்களும் இதை முதலில் செய்துவிட்டு அப்புறம் சாலிடரிங் அயனை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பெரம்பூர், ஒரு அம்மா: என் மகளுக்குப் பார்வை இல்லை, ஏழாவது படிக்கிறாள். அவள் வகுப்பில் எல்லோரும் நிலா மாடல் செய்கிறார்கள். அவளுக்கு என்ன செய்யலாம் அக்கா?

அவளுக்கும் நிலா இருக்கிறதும்மா. காகிதக் கூழ் உருண்டையில் கருந்திட்டுகள் வரும் இடத்தில் ஃபெவிகால் பூசி வழுவழுப்பாக்குங்கள், மேட்டு நிலங்களில் சலித்த மணலை ஒட்டுங்கள். டைக்கோ என்கிற பெரிய பள்ளத்திலிருந்து கதிர் போலக் கிளம்பும் வெளிர் கோடுகளுக்கு நூல் ஒட்டலாம். முன்பக்கத்தில் ஏறக்குறைய 31 சதவீதம் கருந்திட்டு, நாம் பார்க்காத பின்பக்கத்தில் 2 சதவீதம்தான். விரலால் ஒரு சுற்று தடவினாலே இரண்டு பக்கமும் வேறு வேறு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பார்வையுள்ள பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

பிறையை வெயிலால் சொல்லிக்கொடுக்கலாம். மங்கலான கருப்பு அடித்த உருண்டை ஒன்றைக் காலையிலோ மாலையிலோ வெயிலில் சில நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். வெயில் பட்ட பாதி சூடாகும், மறுபாதி ஆகாது. அதைத் திருப்பாமல் அப்படியே தன்னைச் சுற்றிக் கொண்டுபோகட்டும். வெயில் வரும் திசையில் பிடிக்கும்போது சூடான பக்கம் அவளுக்கு எதிர்ப்புறம் இருக்கும், அது அமாவாசை. முதுகில் வெயில் படத் திரும்பி முன்னால் நீட்டினால் சூடான பக்கம் அவளைப் பார்க்கும், அது பௌர்ணமி. பக்கவாட்டில் அரை நிலா. டிஎஃப் பிளேயர் மினி என்கிற சின்ன போர்டில் மெமரி கார்டு போட்டு, பட்டனை அழுத்தினால் இடத்தின் பெயர் சொல்கிற மாதிரியும் செய்யலாம். குரல் அவளுடையதாகவே இருக்கட்டும்.

எம்.கே.பி. நகர், எட்டாம் வகுப்பு மாணவி: நிலா ஒரே முகத்தைக் காட்டுகிறது என்றால் அது சுற்றவில்லை என்றுதானே அர்த்தம்?

சுற்றுகிறதும்மா. பூமியை ஒரு தடவை வலம்வர 27.3 நாள், தன்னைத்தானே ஒரு தடவை சுற்றவும் அதே 27.3 நாள். தோழியை நடுவில் உட்காரவைத்து, அவளையே பார்த்தபடி ஒரு சுற்று சுற்றி வா. வகுப்பின் நான்கு சுவரையும் நீ பார்த்திருப்பாய்.

திருவொற்றியூர், பத்தாம் வகுப்பு மாணவர்கள்: சந்திரயான்-3 இறங்கிய இடத்தில் ஒரு சிவப்பு எல்இடி வைக்கிறோம். தென் துருவத்தில்தானே வைக்கணும்?

துருவத்திலேயே வைக்காதீர்கள். விக்ரம் லேண்டர் இறங்கியது தெற்கே சுமார் 69 பாகை, கிழக்கே 32 பாகை. 20 செ.மீ. உருண்டை என்றால் தென் துருவப் புள்ளியிலிருந்து மேற்பரப்பில் மூன்றரை செ.மீ.க்குச் சற்று அதிகம் தள்ளி, முன்பக்கம், நடுக்கோட்டுக்கு வலப்புறம்.

அந்த எல்இடியை எப்போதும் எரிய விடாதீர்கள். விக்ரமும் அதிலிருந்து இறங்கிய பிரக்யான் ரோவரும் வெயிலில் ஓடியவை, அங்கே விடிந்த சமயம் பார்த்துத்தான் இறக்கினார்கள். இறங்கியது 2023 ஆகஸ்ட் 23, மறுநாள் அரை நிலா. மேலே சொன்ன எட்டு அறை மாடலில், வளர்பிறை அரை நிலாவுக்குக் குமிழ் வரும்போதுதான் அந்த இடம் இருக்கிற அறை முதல்முறையாக எரியும். அதோடு சேர்த்துச் சிவப்பையும் எரியவிடுங்கள், அறை அணையும்போது அணைத்துவிடுங்கள். ஒரு நிலாப் பகல் நம் கணக்கில் இரண்டு வாரம் என்பது தானாகவே விளங்கும். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும் ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்.

எண்ணூர், ஆசிரியை: போன வருஷம் செய்த மாடல் இந்த வருஷம் எரியவில்லை. எல்லாம் புதுச் சாமான்தான். என்ன ஆகியிருக்கும்?

பெரும்பாலும் உப்புக் காற்று வேலைதான் டீச்சர். ஜம்பர் வயரின் முனைகளைப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். பிரெட்போர்டில் செருகியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சாலிடர் வையுங்கள், மேலே சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள். காகிதக் கூழ் உருண்டையும் ஈரம் இழுக்கும், இரண்டு கோட் மேட் வார்னிஷ் அடித்தால் தாங்கும். கண்காட்சி முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அர்டுயினோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது அநேகமாக நன்றாகவே இருக்கும்.