கணினிக் கேள்வி பதில்: மூவாயிரம் ஃபான்ட்டை வைத்து என்ன செய்வது?

கேள்வி: கல்யாணப் பத்திரிகை, தேயிலைப் பாக்கெட் லேபிள், ஹெத்தை பண்டிகை நோட்டீஸ் எல்லாம் கோரல்டிராவில் செய்கிறோம். விண்டோஸ் 10. இன்ஸ்டால் செய்த ஃபான்ட் 3,000-ஐத் தாண்டிவிட்டது, கோரல் திறக்கவே நெடுநேரம் ஆகிறது. ஃபான்ட் மேனேஜர் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாகப் போடலாம். வேண்டிய ஃபான்ட்டை வேண்டும்போது மட்டும் ஏற்றித் தரும் மென்பொருள் அது. ஆனால் அதற்கு முன் ஃபான்ட்களைப் பிரித்துவையுங்கள். பாமினி, வானவில், டாம் போன்ற பழைய தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை; அதனால் மேனேஜரைப் பொறுத்தவரை ஆங்கில ஃபான்ட்கள்தான். யூனிகோட் ஃபான்ட்டோடு சேர்த்து ஒரே பட்டியலில் கொட்டிவிடும். எது எந்தக் குறியீடு (எழுத்தைக் கணினி பதிந்துவைக்கும் முறை) என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டி டிரைவில் குறியீட்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு நகலெடுங்கள். சி டிரைவின் விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் மட்டும் போதாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ‘எல்லாப் பயனருக்கும்’ என்று தேர்ந்தெடுக்காமல் போட்ட ஃபான்ட் உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதையும் எடுங்கள்.

கோரல் எக்ஸ்8 (2016) அல்லது அதற்குப் பிந்தையது என்றால் கோரல் ஃபான்ட் மேனேஜர் கூடவே வந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள்; ஃபோல்டரைக் காட்டினால் இன்ஸ்டால் செய்யாமலே கோரலில் பயன்படுத்தலாம். ஃபோட்டோஷாப்பிலும் வேலை இருந்தால் ஃபான்ட்பேஸ் அல்லது நெக்சஸ்ஃபான்ட். இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

முன்னோட்டத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பாமினி ஃபோல்டரைத் திறந்து யூனிகோடில் ‘தமிழ்’ என்று தட்டினால் நூறு ஃபான்ட்டும் ஒரே மாதிரி தெரியும். அந்த ஃபான்ட்டில் யூனிகோட் எழுத்து இல்லாததால் விண்டோஸ் தன்னிடமுள்ள நிர்மலா என்ற யூனிகோட் ஃபான்ட்டைக் காட்டுகிறது. ஆங்கிலக் கீபோர்டில் சிறிய எழுத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி தட்டுங்கள். பாமினியில் அதுதான் ‘தமிழ்’.

முதல் வாரம் மேனேஜரில் 50 ஃபான்ட், சோதித்துப் பார்க்க ஒரு பழைய பத்திரிகை ஃபைலின் நகல், அவ்வளவு போதும். எல்லாம் சரியாகத் திறந்தால் மட்டும் இன்ஸ்டால் செய்தவற்றை நீக்குங்கள். நிர்மலா, சீகோ, டஹோமா, ஏரியல் மீது கை வைக்காதீர்கள். விண்டோஸின் மெனுக்களே குலையும்.

நெக்சஸ்ஃபான்ட் ஓடும்வரைதான் அது ஏற்றிய ஃபான்ட் இருக்கும். மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்ததும் அவசரத்தில் கோரலை முதலில் திறந்தால், பாமினி வரிகள் ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். மாற்று ஃபான்ட் கேட்டால் சேமிக்காமல் மூடி, மேனேஜரைத் திறந்துவிட்டு வாருங்கள். மேனேஜரை ஸ்டார்ட்அப்பில் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒரே ஃபான்ட்டின் இரண்டு பதிப்பை ஒன்றாக ஏற்ற வேண்டாம். ஃபைல் பெயரை மாற்றினாலும் பயனில்லை, மென்பொருள் பார்ப்பது உள்ளே பதிந்த பெயரை. எது ஏறியதோ அதற்கேற்ப வரி நீளம் மாறி, மணமக்கள் பெயர் அடுத்த வரிக்குத் தாவும்.

கேள்வி: மலைப்பூண்டு லேபிளில் ரூபாய்க் குறி கட்டமாக வருகிறது. ஏன்?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: ₹ குறி 2010-இல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய ஃபான்ட்டில் அது இருக்காது. அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் நிர்மலா யூஐ கொடுங்கள். ‘ஆங்கிலம் (இந்தியா)’ கீபோர்டில் வலது ஆல்ட்டுடன் 4. அச்சகத்துக்கு அனுப்பும் நகலில் எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + க்யூ அடித்து கர்வாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றுங்கள். விலை மாறும்போது திருத்த, மாற்றாத ஃபைல் உங்களிடம் இருக்கட்டும்.