அரசு நம் இணையத் தரவைப் பார்ப்பது பற்றி: கேள்வி பதில்

இணையச் சேவை நிறுவனங்களில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நான். அரசின் இணையக் கண்காணிப்பு பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. என் மெயிலை அரசாங்கம் பார்த்தால் எனக்கென்ன?

அரசாங்கம் என்று சொல்கிறோமே தவிர, திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பது ஓர் ஆள்தான். அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பில் ஓர் ஊழியர், கண்காணிப்பு வசதியைப் பயன்படுத்த அனுமதி கிடைத்த முதல் நாளே, தன் முன்னாள் காதலியின் 6 மின்னஞ்சல் முகவரிகளைப் போட்டுத் தேடினார். நான் கேள்விப்பட்ட கதையல்ல இது, அந்த அமைப்பின் தலைமை ஆய்வாளரே 2013-இல் ஒரு செனட்டருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. 2003-க்குப் பிறகு வேண்டுமென்றே நடந்த இப்படிப்பட்ட 12 முறைகேடுகள் அதில் வரிசையாக உள்ளன. அந்தப் பெண் என்ன தப்பு செய்தார்? அதுவும் இவை மாட்டிக்கொண்டவை மட்டும்.

கேள்வி: பேசியதைக் கேட்பதில்லை, யார் யாரிடம் எப்போது பேசினார்கள் என்ற விவரம் மட்டும்தான் என்கிறார்களே அண்ணா. அதில் என்ன தெரிந்துவிடும்?

மெட்டாடேட்டா என்பது அதுதான். என்ன தெரியும் என்று, ஒருவரின் ஒரு நாள் அழைப்புப் பட்டியலை வைத்து நீங்களே பாருங்கள். காலை 9.40: புற்றுநோய்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓர் அழைப்பு, 3 நிமிடம். 9.44: அக்காவுக்கு, 41 நிமிடம். 12.15: காப்பீட்டு நிறுவனம். மாலை 6.30: வக்கீல். ஒரு வார்த்தையைக்கூட யாரும் ஒட்டுக்கேட்கவில்லை, ஆனாலும் அந்த மனிதருக்கு அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு இப்போதே தெரியும். பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் ஓர் ஆள் உட்கார்ந்து நேரம் செலவழிக்க வேண்டும், இந்த வரிகளையோ கணினி லட்சக்கணக்கில் நொடியில் அலசிவிடும். என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014-இல் பொது மேடையிலேயே சொன்னார். ‘வெறும் விவரம்தானே’ என்று யாராவது சொன்னால் இதை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: என்எஸ்ஏவின் ரகசிய ஆவணங்களை ஸ்னோடன் வெளியிட்டாரே, அதில் புதிதாக என்ன இருந்தது? உளவு எப்போதும் நடப்பதுதானே?

உளவு பழையதுதான், அளவுதான் புதிது. முன்பெல்லாம் முதலில் ஒருவர் மேல் சந்தேகம் வரும், அப்புறம் அவர் பேச்சை ஒட்டுக்கேட்பார்கள். 2013 ஜூனில் வெளிவந்த ஆவணங்கள் காட்டியது தலைகீழ் வழக்கம்: முதலில் எல்லோருடையதையும் அள்ளி வைத்துக்கொள்வது, சந்தேகம் பிறகு வந்தால் உள்ளே தேடிக்கொள்வது. பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூ கடலடிக் கேபிள்களிலிருந்தே தரவை உருவி, உள்ளடக்கத்தை 3 நாளும் மெட்டாடேட்டாவை 30 நாளும் சேமித்து வைத்தது. என் கோபம் இங்கேதான். நீதிபதியிடம் போய், இன்னாரைக் கண்காணிக்க இன்ன காரணம் என்று சொல்லி அனுமதி வாங்குவதை நான் எதிர்க்கவில்லை.

கேள்வி: தீவிரவாதிகளைப் பிடிக்க இதெல்லாம் வேண்டாமா?

நியாயமான கேள்வி. இதை ஆராய்ந்தது அமெரிக்க அரசின் சொந்த மேற்பார்வைக் குழு. நாட்டு மக்களின் தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாகச் சேர்த்த திட்டத்தைப் பற்றி, எந்தத் தீவிரவாத விசாரணையிலும் இது முடிவை மாற்றியதற்கு ஓர் உதாரணம்கூட இல்லை என்று 2014 ஜனவரியில் எழுதியது. அடுத்த ஆண்டு சட்டம் போட்டு அந்த மொத்தச் சேகரிப்பை நிறுத்தினார்கள். அதே குழு, வெளிநாட்டவரைக் குறிவைக்கும், அமெரிக்க உளவுச் சட்டத்தின் 702-ஆம் பிரிவுத் திட்டம் பயனுள்ளது என்றும் சொன்னது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி நீதிமன்ற ஆணை தேவையில்லை, அமெரிக்கருக்கு உள்ள பாதுகாப்பு மற்ற நாட்டவருக்குக் கிடையாது.

கேள்வி: பூட்டி அனுப்பப்படும் செய்திகளை அரசு மட்டும் திறக்கிற மாதிரி ஒரு சாவி வைத்துக்கொண்டால் போதாதா?

அப்படி ஒரு சாவியை யாராலும் செய்ய முடியாது. இதை நான் தொழில்நுட்பக்காரனாகவே சொல்கிறேன். கிரீஸில் 2004-05-இல் ஒரு செல்போன் நிறுவனத்தில் அழைப்புகளை இணைக்கும் ஸ்விட்சுகளில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காக இருந்த வசதியையே யாரோ ரகசியமாக இயக்கி, பிரதமர் உட்பட சுமார் 100 பேரின் பேச்சை மாதக்கணக்கில் கேட்டார்கள். 2024-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் சால்ட் டைஃபூன் என்ற சீனக் குழு புகுந்தபோதும் இதே போன்ற ஒட்டுக்கேட்பு வசதிகளைத் தொட்டது. அதன்பின் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பே, முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் முழு மறையாக்கம் உள்ள, அதாவது பேசுகிற இருவர் மட்டுமே படிக்கக்கூடிய செயலிகளுக்கு மாறுங்கள் என்று அறிவுரை சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும், பிரிட்டன் அரசின் நெருக்கடியால் 2025 பிப்ரவரியில் ஆப்பிள் தன் ஐகிளவுட் இணையச் சேமிப்புச் சேவையின் உச்சபட்சப் பாதுகாப்பு வசதியை அந்நாட்டில் நிறுத்திக்கொண்டது.

கேள்வி: விபிஎன் போட்டால் தப்பித்துவிடலாமா?

இல்லை. விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாகத் திருப்பிவிடுவது. உங்கள் இணைய நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன்காரர் பார்ப்பார். இலவசமாகக் கொடுத்தால் இன்னும் யோசியுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் பாதுகாப்பானதா சார்?

செய்தி போகும் வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் யாருடன், எப்போது, எந்தக் குழுவில் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். பலர் கோட்டை விடுவது பேக்கப்பில். கிளவுடில் ஏறும் நகல் தானாகவே பூட்டப்படும் என்று நம்பியிருக்காதீர்கள். 2021-இலிருந்து அதற்கும் பூட்டுப் போடும் வசதி இருக்கிறது. அமைப்புகளில் ‘சாட் பேக்கப்’ பகுதிக்குள் போய் அது இயங்குகிறதா என்று பாருங்கள், நீங்கள் பேசுகிறவரையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அதே உரையாடலின் இன்னொரு நகல் அவரிடமும் இருக்கிறது.