திருகோணமலைக்கு ஒரே முதுகுப்பையோடு வருகிறேன். எப்படி அடுக்கினால் எல்லாம் கொள்ளும்?

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து பஸ்ஸில் திருகோணமலை, ஐந்து நாள், 40 லீற்றர் பை ஒன்று. துணியைச் சுருட்டுவதா மடிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலைக்காரன். பஸ் நிலையத்தில் பெரிய பைகளோடு வந்து இறங்குகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சுருட்டலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எந்தச் சாமான் எந்த நேரத்தில் கைக்கு வேண்டும் என்பதை முதலில் யோசியுங்கள். அது முடிவானால் அடுக்குகிற வேலை பாதி முடிந்த மாதிரி.

கொழும்பிலிருந்து இங்கே வர ஏறக்குறைய 260 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று நீளும் பாதை. பஸ்ஸில் சீற்றுக்கு மேலே உள்ள தட்டு ஒடுக்கமானது. நிரம்பிய 40 லீற்றர் பை அதில் ஏறாது. டிரைவருக்குப் பக்கத்திலோ பின்னால் டிக்கியிலோ போட்டுவிடுவார்கள். அதன் பிறகு இறங்கும்வரை பை உங்களுடையது இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பாஸ்போர்ட், பணம், மருந்து, சார்ஜர், ஒரு மெல்லிய சால்வை இவற்றை ஒரு சிறிய துணிப்பையில் போட்டு, முதுகுப்பையின் உச்சியில் வையுங்கள். ஏறும்போது அதை மட்டும் உருவி எடுத்தால் போதும். ஏசி பஸ் என்றால் சால்வையின் அருமை இரவில் தெரியும்.

பாரமான சாமான் முதுகை ஒட்டி, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். முதுகிலிருந்து தள்ளி இருந்தால் பை பின்னால் இழுக்கும். அதற்கு ஈடாக நீங்கள் முன்னால் குனிவீர்கள். பின்னேரம் இடுப்பு பதில் சொல்லும். அடியில் மாற்றுத்துணி, அதற்கு மேல் முதுகுப் பக்கமாகக் கமரா, புத்தகம், வெளிப்பக்கம் லேசான உடுப்பு. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் இரண்டு போத்தலை ஒரே பக்கத்தில் செருகாதீர்கள். பையில் இடுப்புப் பட்டி இருந்தால் அதை முதலில் இறுக்கி, தோள் வாரைப் பிறகு இறுக்குங்கள்.

சரி, சுருட்டல். ரீசேர்ட், உள்ளாடை மாதிரி மெல்லிய துணிகளைச் சுருட்டுங்கள். அதனால் துணி சிறுத்துப் போகாது, ஆனால் சந்து பொந்துகளில் நுழையும், ஒன்றை இழுத்தால் மற்றவை குலையாது. கொலர் வைத்த சட்டையை மடித்து மேலே தட்டையாகப் போடுங்கள். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் எனக்குப் பிடிக்காது. இடம்தான் குறையும், பாரம் அப்படியே இருக்கும். துணி செங்கல்போல விறைத்து, சுற்றிலும் வெற்றிடம் விழும். சப்பாத்தும் வேண்டாம் என்பேன். கோணேசர் கோயிலில் கழற்ற வேண்டும், நிலாவெளிக் கடற்கரையில் மணல் புகும். வார் வைத்த நல்ல செருப்பு போதும். ஜீன்ஸ் ஆசை இருந்தால் ஒன்றே ஒன்று, அதையும் உடுத்திக்கொண்டு வாருங்கள். இந்தக் கடற்காற்றின் ஈரத்தில் அது சுலபத்தில் காயாது.

எத்தனை உடுப்பு என்று தடுமாறினால் கதிர்காம முருகன் கோயிலுக்குப் போகும் பாதயாத்திரிகர்களை நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச் சந்நிதிக் கோயிலில் தொடங்கி, எங்கள் ஊர், வெருகல், மட்டக்களப்பு என்று வாரக்கணக்கில் நடந்து போகிறவர்கள். பலருடைய தோளில் ஒரு சின்னப் பைதான். துவைத்துக் காயவைத்து அடுத்த நாள் உடுத்துவதுதான் அவர்களுடைய உத்தி. ஐந்து நாளுக்கு மூன்று சோடி தாராளம்.

ஆனால் ஒரு சாரம் கட்டாயம். உங்கள் ஊர் லுங்கிதான். துவாய், போர்வை, கடற்கரையில் உடுப்பு மாற்றும் மறைப்பு, பஸ்ஸில் தலையணை எல்லாம் அதுவே. தடித்த துவாய் ஒன்று இரண்டு சட்டையின் இடத்தைத் தின்னும். சாரம் அதில் பாதிகூட இல்லை, சீக்கிரம் காய்ந்தும்விடும். பெண்கள் மெல்லிய பருத்திச் சேலைத் துணியில் இரண்டு முழம் நீளம் கூட வெட்டி எடுத்துக்கொள்ளலாம். கோயிலுக்குப் போகும்போது தோளை மூடவும் உதவும்.

ஐப்பசி முதல் தை வரை இங்கே வடகீழ்ப் பருவமழை. அப்போது வந்தால் பைக்கு வெளியே மாட்டும் மழையுறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் திறந்தே இருப்பதால் அந்த வழியாக நீர் இறங்கும். பெரிய குப்பைப் பை ஒன்றை உள்ளே விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, வாயை முறுக்கிவிடுங்கள். மலிவு, பாரமே இல்லை. கடலில் நனைந்த உடுப்பை நல்ல தண்ணீரில் அலசாமல் மூட்டை கட்டாதீர்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துணி ஒருபோதும் முழுதாகக் காயாது. புறாத்தீவுக்குப் படகில் போனால் பெரிய பையைத் தங்குமிடத்திலேயே விட்டுப் போங்கள். முழுக்கை ரீசேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு நீந்தினால் வெயில் கிறீம் போத்தலில் பாதி மிச்சம். ஏசி அறையிலிருந்து கமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். பைக்குள் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

விமானத்துக்கு: பவர் பாங்க் கைப்பையில்தான், சரக்கில் போடக்கூடாது. 100 வாட்மணி வரை பொதுவாகச் சிக்கல் இல்லை. 20,000 மில்லிஅம்பியர்மணி என்று போட்டது கிட்டத்தட்ட 74 வாட்மணி வரும். பையைக் கைச்சாமானாகவே கொண்டுவருவதென்றால் பல விமானங்களில் எல்லை 7 கிலோ. திரவம் 100 மில்லிலீற்றர் போத்தல்களில்தான் வேண்டும் என்பதால் ஷாம்புவுக்குப் பதில் சவர்க்காரக் கட்டி வையுங்கள். எங்கள் பிளக் பொதுவாகச் சதுர முனை மூன்று. உருண்டை முனைக்கு ஒரு அடாப்டர் தேவை.

வரும்போது பையில் ஐந்திலொரு பங்கு காலியாக இருக்கட்டும், ஏனென்றால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். மூதூர், கிண்ணியா எருமைத்தயிர் ருசிதான், ஆனால் மண்சட்டியில் வரும். அதை இங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். கருவாடு வாங்கினால் இரண்டு பொலித்தீன் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, உடுப்போடு சேர்க்காமல் தனிக் கைப்பையில் எடுங்கள். விமான நிலையத்தில் உணவுப் பொருளுக்கு என்ன விதி என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள். அப்புறம், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள கோட்டைக்குள் மான்கள் திரிகின்றன. தின்பண்டம் உள்ள பையைத் தரையில் வைத்துவிட்டுப் படமெடுக்கப் போகாதீர்கள், பொலித்தீனோடு சேர்த்துத் தின்றுவிடும்.