பைலகுப்பே சிறுமிக்கு மாதம் மூவாயிரம்: பணத்தை யாருடைய கணக்குக்கு அனுப்புவது?

கேள்வி: நான் கோவையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்ற டிசம்பரில் குடகுக்குப் போனபோது, அருகிலுள்ள திபெத்திய அகதிக் குடியிருப்பான பைலகுப்பேயின் பொற்கோயிலையும் பார்த்தோம். அங்கே அறிமுகமான ஒருவர், திபெத்திய அகதிக் குழந்தைகளின் படிப்புக்கு உதவி திரட்டும் ஒருங்கிணைப்பாளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு சிறுமியின் படத்தை அனுப்பி, தம் கைப்பேசி எண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய் ஜிபே செய்தால் அவளுடைய பள்ளி, விடுதிச் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். முன்பணமாக அனுப்பிய 500 ரூபாய்க்கு ரசீதும் தந்தார், அதை இணைத்துள்ளேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மகளும் இதில் பங்கு தர விரும்புகிறாள். கொடுக்கலாமா? அந்த மக்களின் கருணைப் பண்பாடு நிலைக்க எங்கள் பணம் உண்மையில் உதவுமா?

பதில்: அம்மா, அந்த எண்ணுக்கு இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அவர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நல்லவரா என்று தெரிந்துகொள்ள உங்களிடம் எந்த வழியும் இல்லை, அந்த வழியை அவரும் உங்களுக்குத் தரவில்லை என்பதே போதுமான காரணம்.

நீங்கள் அனுப்பிய ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்பில் தாமரை, அதன்மேல் தர்மச் சக்கரம், கீழே ஓர் அறக்கட்டளையின் பெயர். அறக்கட்டளையின் பதிவு எண் இல்லை, பான் எண் இல்லை, முகவரி என்ற இடத்தில் 'பைலகுப்பே' என்ற ஒரே சொல். ரசீது வரிசை எண் 001. கையெழுத்து பேனாவால் போட்டதும் அல்ல, அச்சிலேயே வந்திருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அறக்கட்டளைக் கணக்குகளைத் தணிக்கை செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதிவு எண்ணும் பான் எண்ணும் இல்லாத தாள் ரசீது ஆகாது, அது வெறும் நன்றிக் கடிதம்.

ஒரு திபெத்தியக் குழந்தையின் படிப்பை ஏற்பது எப்படி நடக்கும் என்று தெரிந்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். தலாய் லாமா 1959 மார்ச் இறுதியில் இந்திய எல்லைக்குள் வந்தார். அவரைத் தொடர்ந்து வந்த ஆயிரக்கணக்கானோர் இமயமலைச் சாலைப் பணிகளில் கூலிகளாக வேலை செய்தார்கள். அந்த முகாம்களில் குழந்தைகள் நோயிலும் பசியிலும் மடிந்தார்கள். 1960 மே மாதம் அப்படி வந்து சேர்ந்த 51 குழந்தைகளை வைத்துத் தலாய் லாமாவின் தமக்கை ட்சேரிங் டோல்மா தர்மசாலாவில் தொடங்கிய இல்லம்தான் பின்னாளில் 'திபெத்தியக் குழந்தைகள் கிராமம்' என்ற பெரிய கல்வி நிறுவனமாக வளர்ந்தது. அதன் ஆங்கிலச் சுருக்கமான டி.சி.வி. என்றால் திபெத்தியர் எல்லாருக்கும் தெரியும். பைலகுப்பேயிலும் அதற்குப் பள்ளி உண்டு. ஒரு குழந்தையை ஏற்க விரும்புபவர் அதன் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவார். அவர்கள் குழந்தையின் விவரத்தை அனுப்புவார்கள். பணம் நிறுவனத்தின் கணக்கில் சேரும். குழந்தை அவ்வப்போது கடிதம் எழுதும். இந்த ஏற்பாட்டில் எங்கும் யாருடைய கைப்பேசி எண்ணும் வராது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறவிகள் விஷயத்திலும் இதையே சொல்வேன். துறவியை ஆதரிக்கும் புரவலரைத் திபெத்தியர் 'ஜிந்தாக்' என்பார்கள். அது பழைய, மதிப்பான மரபு. அப்படி ஆக விரும்பினால் மடாலய அலுவலகத்துக்குப் போய், அந்த மடத்தின் பெயரிலுள்ள கணக்கில் செலுத்தி, அங்கேயே ரசீது பெறுங்கள். தேநீர்க் கடையில் பழக்கமான இளந்துறவிக்கு மாதாமாதம் அனுப்புவது அவருக்கும் நன்மை செய்யாது. மடத்து ஒழுங்கில் அது அவரைத் தர்மசங்கடத்தில்தான் ஆழ்த்தும்.

இடைத்தரகர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணக்குப் பார்க்கும் இரண்டு குடும்பங்கள், ஒன்று ஈரோடு, மற்றொன்று சேலம், ஒன்றையொன்று அறியாமல் தாங்கள் படிக்க வைக்கும் குழந்தையின் படத்தை எனக்குக் காட்டின. இரண்டும் ஒரே சிறுமியின் படம். சிவப்புக் கம்பளிக் குல்லா, இடது கன்னத்தில் குளிரில் வெடித்த தழும்பு. ஒரு வீட்டில் அவளுக்கு ஒரு பெயர், மறு வீட்டில் வேறு பெயர். சேலத்துக்காரர் நான்கு ஆண்டுகள் பணம் கட்டியிருந்தார். அவர் வீட்டுப் பூஜை அறையில் அந்தப் படம் மாட்டியிருந்தது. பணம் போனதைவிட, 'அப்படியானால் அந்தக் குழந்தைக்கு யார் சோறு போட்டார்கள்?' என்று அவர் கேட்டதுதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது. அந்தக் குழந்தை யார், எங்கே இருக்கிறாள் என்பதை எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இவர்கள் பேசும் முறை எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். முதலில் படிப்பு என்பார்கள், ஆறு மாதத்தில் அவசர அறுவை சிகிச்சை வரும், அடுத்து பெற்றோருக்கு வீடு வரும். சிலர் குடியிருப்புக்குள் நிலம் வாங்கித் தருகிறேன், ஆசிரமம் கட்டலாம் என்றுகூடச் சொல்வார்கள். பைலகுப்பே நிலம் 1960-61 காலத்தில் அன்றைய மைசூர் மாநில அரசு அகதிகளைக் குடியேற்றக் கொடுத்தது. காடாகக் கிடந்ததைத் திருத்தி, யானைகளுக்கு ஈடுகொடுத்து, அவர்கள் மக்காச்சோளம் விளைவித்த பூமி. அது அரசின் குத்தகை நிலம். அதில் மனை விற்பதாகச் சொல்பவரிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

இப்போது உங்கள் மகள் விஷயம். இதில் எல்லாரும் தவறுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், வழக்கில் எஃப்.சி.ஆர்.ஏ., பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்றுதான் பார்க்கிறது. உங்கள் மகள் இந்தியக் கடவுச்சீட்டோடு அமெரிக்காவில் வேலை மட்டும் பார்த்திருந்தால், அவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரும் பணம் உள்நாட்டு நன்கொடையாகவே கருதப்பட்டிருக்கும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து அவர் சட்டத்தின் கண்ணில் 'வெளிநாட்டு மூலம்', அதாவது வெளிநாட்டு நன்கொடையாளர். இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு நம் அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். அவர் கோவைக்கு விடுமுறையில் வந்து, உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இந்திய ரூபாய் நோட்டாகவே எடுத்துக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனத்தால் மட்டுமே முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிறுவனமும் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கித் தலைமைக் கிளையில் இதற்கென வைத்திருக்கும் கணக்கில்தான் அதை முதலில் வாங்க வேண்டும்.

'அப்படியானால் அவள் எனக்கு அனுப்பட்டும், நான் கொடுத்துவிடுகிறேன்' என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். மகள் தாய்க்குப் பணம் அனுப்புவதில் தடையேதும் இல்லை. நெருங்கிய உறவினருக்கு அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது. ஆனால் அது உங்கள் செலவுக்கு வரும் பணம். நன்கொடைக்கென்றே அவர் அனுப்பி, அதே தொகையை அதே வாரம் நீங்கள் நிறுவனத்துக்கு மாற்றினால், உங்கள் கணக்கு வெறும் குழாயாகிவிடுகிறது. நாளை கேள்வி எழுந்தால் பதில் சொல்ல வேண்டியது உங்களோடு அந்த நிறுவனமும்தான். பதிவு ரத்தாகும் அபாயத்தை ஒரு குழந்தைகள் இல்லத்தின் தலையில் ஏற்றுவதற்காகவா நீங்கள் உதவ நினைத்தீர்கள்? ஆகவே உங்கள் ஓய்வூதியத்திலிருந்து தருவதை நீங்கள் உள்நாட்டுக் கணக்குக்குத் தாருங்கள். மகள் தம் பங்கை அமெரிக்காவிலிருந்து நேராக நிறுவனத்தின் தில்லிக் கணக்குக்கு அனுப்பட்டும். அமெரிக்க வருமான வரியில் கழிவு வேண்டுமென்றால், நியூயார்க்கில் 1981 முதல் இயங்கும் 'திபெத் ஃபண்ட்' போன்ற அந்நாட்டு அறக்கட்டளை வழியாகத் தருவது அவருக்கு இன்னும் எளிது. அவர் அடுத்த முறை வந்து பைலகுப்பேயில் தங்க நினைத்தால், அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு உள்துறை அமைச்சகத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி தேவை. மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் வரிக்கழிவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் அங்கீகாரம் (வழக்கில் 80ஜி) நிறுவனத்துக்கு இருந்து, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் மட்டுமே கிடைக்கும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது.

நேர்மையாகக் கொடுக்க நினைப்பவர் இத்தனை படி ஏற வேண்டியிருப்பது எனக்கே வேதனையாக இருக்கிறது. எஃப்.சி.ஆர்.ஏ.வின் 2020 திருத்தம் வந்ததிலிருந்து, பதிவு பெற்ற ஒரு பெரிய நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்கவும் முடியாது. அகதிக் குடியிருப்பின் ஒரு முகாமில் பத்து முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் சிறு இல்லம் எங்கே போய் நிற்கும்? கொடுப்பவருக்குத்தான் இந்தப் பாடு என்றில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே கிடையாது. அதனால் பைலகுப்பேயிலேயே பிறந்து, கன்னடம் சரளமாகப் பேசும் இளைஞனும் வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்.சி. என்று அவர்கள் சொல்லும் அந்தப் புத்தகத்தை நீட்டினால், அது என்னவென்றே தெரியாமல் விழிக்கும் வங்கி ஊழியர்களை நேரில் பார்த்திருக்கிறேன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்று குடியுரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்லியும், கடவுச்சீட்டுக்காக அவர்கள் தில்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இவ்வளவு முட்டுக்கட்டை போட்டால் மக்கள் குறுக்கு வழியைத்தானே தேடுவார்கள்? அந்தக் குறுக்கு வழியில்தான் தரகர் உட்கார்ந்திருக்கிறார்.

பண்பாட்டுக்கு உங்கள் பணம் உதவுமா என்ற கேள்விக்கு: உதவும், அது மொழிக்குப் போய்ச் சேருமானால். நாளந்தாவிலும் பிற இடங்களிலும் எழுதப்பட்டு, சமஸ்கிருத மூலம் தொலைந்துபோன எத்தனையோ பௌத்த நூல்கள் திபெத்திய மொழியில்தான் பிழைத்திருக்கின்றன. காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் பௌத்த அறிஞர் திக்நாகர் தொடங்கிவைத்த தர்க்க மரபு, இன்றும் மாலை வேளையில் பைலகுப்பே செரா மடத்து முற்றத்தில் கை தட்டி, கால் உதைத்து, உரத்த குரலில் வாதிடப்படுகிறது. நம் மண்ணிலிருந்து போனதை அவர்கள் சுமந்து திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை நான் அங்கே போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். திபெத்திலிருந்து புதிதாக வருவோர் 2008க்குப் பிறகு மிகக் குறைந்துவிட்டார்கள். இங்கே வளர்ந்தவர்கள் மேலைநாடுகளுக்குப் போகிறார்கள். பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள். இந்த நிலையில் தொடக்க வகுப்பில் திபெத்திய மொழியில் பாடம் சொல்லித்தரும் ஆசிரியருக்கும், பேரப் பிள்ளைக்குக் கதை சொல்லும் பாட்டிக்கும் போகும் பணம்தான் முதன்மையானது என்பது என் கருத்து. அதனால் ஒரு குழந்தையோடு, துணையற்ற ஒரு முதியவரையும் ஏற்க முடியுமா என்று யோசியுங்கள். முதியோருக்கு நன்கொடையாளர் கிடைப்பது கடினம். படத்தில் அவர்கள் அழகாகத் தெரிவதில்லை.

உங்கள் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. மழைக்காலம் முடியும் நேரத்தில் நம் நகரங்களில் திடல்களில் தகரக் கொட்டகை போட்டு ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களில் பலர் கர்நாடகக் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள். லூதியானாவில் கடனுக்குச் சரக்கெடுத்து, மூன்று மாதம் விற்று, கடனை அடைத்து, மிஞ்சியதில்தான் ஆண்டு முழுதும் குடும்பம் நடக்கிறது. ஒருநாள் காலை கடை திறக்குமுன் போயிருந்தேன். துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு தகரப் பெட்டிமேல் ஏழு சிறு கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒன்றுக்கொன்று ஒரு தானிய இடைவெளி விட்டு, அந்த அம்மா இடமிருந்து வலமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏன் தண்ணீர் என்று கேட்டேன். 'தண்ணீரைக் கொடுக்கும்போது மனம் கணக்குப் பார்க்காது' என்றார். கருணைக்கு அவர்கள் சொல் 'நிங்ஜே'. அதை அவர் உபதேசிக்கவில்லை, ஊற்றி முடித்துவிட்டுக் கடையைத் திறந்தார். அவர்களிடம் பேரம் பேசாமல் இரண்டு ஸ்வெட்டர் வாங்குவதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. தேவையில்லை.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். டி.சி.வி.யின் தலைமை அலுவலகத்துக்கு உங்கள் பெயர், முகவரி, பான் எண் எழுதி, இந்தியக் குடிமகள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, குழந்தை ஒன்றை ஏற்க விரும்புவதாக மின்னஞ்சல் அனுப்புங்கள். மகளைத் தனியாக, தம் குடியுரிமையைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். நிறுவனத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த சிறுமியின் படத்தை யாருக்கும் பகிராமல், அந்தக் குடியிருப்பை நிர்வகிக்கும் பைலகுப்பே செட்டில்மென்ட் ஆபீசருக்கு மட்டும் அனுப்பி, இந்தக் குழந்தையின் பெயரில் பணம் கேட்கிறார்கள் என்று தெரிவியுங்கள். சேலத்துக்காரர் வீட்டுப் படத்துக்கு நாங்கள் அதைச் செய்யத் தாமதித்துவிட்டோம்.