ரத்தம் வரும் ஈறும் ஏலக்காய்ப் பொட்டலமும்

கேள்வி: என் கணவருக்கு 47 வயது, மளிகைக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக வாய் நாற்றம். வயிற்றுக் கோளாறுதான் காரணம் என்று கேஸ் மாத்திரை சாப்பிடுகிறார். சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய்ப் பொட்டலம். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் பிரஷ்ஷே வைப்பதில்லை. க்ளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார். மாமனாருக்கும் ஐம்பதிலேயே பல் கொட்டிவிட்டது. ‘எங்கள் வம்சமே அப்படித்தான்’ என்கிறார். மகள் பக்கத்தில் உட்காரவே தயங்குகிறாள். இவரிடம் எப்படிச் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி

பல் மருத்துவர் பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைப்பட வைத்தது அந்த ரத்தம். நல்ல ஈற்றில் பிரஷ் பட்டால் ரத்தம் வராது.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு சின்ன இடுக்கு உண்டு. ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அங்கே படியும் அழுக்கை எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரையாக இறுகிவிடும். ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகும். இடுக்கு 5, 6 மில்லிமீட்டர் பையாகிவிடும். காற்றுப் புகாத அந்தப் பைக்குள் வளரும் கிருமிகள் ரத்தத்திலும் செத்த திசுவிலும் உள்ள புரதத்தைத் தின்று கந்தக வாயுக்களை விடுகின்றன. ஈறு நோயில் அதிகமாவது மெத்தில் மெர்காப்டன். அழுகிய முட்டைக்கோஸ் வாடை. அவ்வளவு ஆழத்துக்கு பிரஷ்ஷின் நார் போகாது, ஏலக்காயும் எட்டாது. வயிற்றிலிருந்து வாடை வருவது ஏப்பம் விடும்போது மட்டும்தான். நாள்பட்ட வாய் நாற்றம் பெரும்பாலும் வாயிலேயே பிறப்பது.

க்ளீன் செய்தால் பல் ஆடும் என்பதை நான் தினமும் கேட்கிறேன். சில வாரங்களுக்கு முன் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். கீழ் முன்பற்களின் உள்பக்கம், நாக்கு படும் இடத்தில், பல்லுக்குப் பல் தெரியாமல் சுவர் வைத்தது போலக் காரை. எச்சில் சுரந்து வருவது அந்த இடத்தில்தான் என்பதால் அங்கே சீக்கிரம் படியும். உளுந்து அளவுத் துண்டு ஒன்று பெயர்ந்து வந்தது, அடிப்பக்கம் கறுப்பாக. அவர் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினேன். வாய் கொப்பளித்ததும் நாக்கால் துழாவி, “டாக்டர், பல்லில் சந்து விழுந்துடுச்சே” என்றார். சந்து எப்போதோ விழுந்துவிட்டது, காரை அதை அடைத்துக்கொண்டு இருந்தது. பல் ஆட்டமும் அப்படித்தான், க்ளீன் செய்வதால் வருவதல்ல, காரை அதுவரை மறைத்து வைத்திருந்தது.

வம்சம் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் பழக்கமே இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 வருடம் ஈறு நோய் ஆய்வாளர் ஹெரால்ட் லோ குழுவினர் தொடர்ந்து பார்த்தார்கள். எல்லோர் பல்லிலும் காரை. ஆனாலும் நோய் வேகமாக முற்றியது சுமார் 8 சதவீதம் பேருக்கு. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அப்பாவுக்குப் பல் போனது என்றால் மகன் மற்றவர்களை விடச் சீக்கிரமாக வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஸ்கேலிங், அதாவது காரையைப் பெயர்த்து எடுக்கும் க்ளீனிங். பை ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரையும் சுத்தம் செய்வார்கள். நாலைந்து வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். இதற்கிடையே மெல்லிய நார் உள்ள பிரஷ்ஷால் ரத்தம் வரும் இடத்தையே மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். அழுக்கு போகப் போக ரத்தம் குறையும். நாக்கையும் வழிக்க வேண்டும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. பீடி, சிகரெட் இருந்தால் ஈற்றில் ரத்தம் வருவது குறைந்து நோய் மறைந்தே இருக்கும்.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். மகளை இழுத்துப் பேசாதீர்கள், மனிதர் நொறுங்கிப்போவார். மருந்துக் கடையில் பல் இடுக்கில் விடும் நூல் கிடைக்கும். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே விட்டு எடுத்து, அரை நிமிடம் கழித்து அந்த நூலை அவரையே முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அவரோடு நீங்களும் போங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், நாற்காலியில் உட்காரும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.